சேந்தமங்கலம் இரண்டு உண்டு: மலிவு ஜிபிஎஸ் வாங்கப் போகிறவர்களுக்கு



ஆடிப்பெருக்கு நெருங்குகிறது. வல்வில் ஓரி விழாவுக்கும் அறப்பளீசுவரர் கோயிலுக்கும் காரில் வருவதாகப் பல பேர் சொல்லியிருக்கிறீர்கள். அதில் முதன்முதலாகக் கார் வாங்கிய இரண்டு மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "சார், ஆன்லைன்ல மூணு நாலாயிரத்துக்கு ஜிபிஎஸ் பெட்டி வருதுங்க, வாங்கிப் போடலாங்களா?" ஆளாளுக்குத் தனியாகச் சொல்வதை விட இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

என் கருத்து, வாங்க வேண்டாம் என்பதுதான். காரணத்தைச் சொல்கிறேன்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் அமெரிக்காவுடையவை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் ஓயாமல் சொல்லிக்கொண்டே போகும். கீழே இருக்கும் கருவி குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குரலைக் கேட்டு, சிக்னல் வந்து சேர எடுத்த நேரத்தை வைத்துத் தான் எங்கே இருக்கிறோம் என்று கணக்குப் போடுகிறது. முன்பெல்லாம் பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழை சேர்த்து அனுப்பினார்கள். 2000 மே மாதத்தில் அதை நிறுத்தினார்கள். அதன் பிறகுதான் கார்களில் வழிகாட்டும் கருவி பரவியது.

கவனியுங்கள், இந்த சிக்னலுக்குக் காசு கிடையாது. மலிவுப் பெட்டியும் முப்பது லட்ச ரூபாய்க் காரும் அதே செயற்கைக்கோள்களைத்தான் கேட்கின்றன. அப்படியானால் நீங்கள் எதற்குப் பணம் கொடுக்கிறீர்கள்? உள்ளே இருக்கும் வரைபடத்துக்கு. மலிவுப் பெட்டியில் பலவீனமே அதுதான். எந்த வருஷத்து வரைபடம், யார் போட்டது, புதுப்பிக்க முடியுமா என்று விற்கிறவருக்கே தெரியாது. போன வருஷம் போட்ட புறவழிச்சாலை அதில் இருக்காது. உங்கள் கையில் இருக்கும் போனிலோ கூகுள் மேப்ஸ், நம் நாட்டு மேப்மைஇந்தியாவின் மேப்பிள்ஸ் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன, புதுப்பித்துக்கொண்டும் இருக்கின்றன.

இன்னொரு குழப்பமும் உண்டு. 'கார் ஜிபிஎஸ்' என்ற பெயரில் இரண்டு பொருள் விற்கிறார்கள். ஒன்று உங்களுக்கு வழி சொல்வது. மற்றொன்று வண்டி எங்கே நிற்கிறது என்று முதலாளிக்குச் சொல்வது. நாமக்கல் லாரிகளில் இருப்பது பெரும்பாலும் இரண்டாவது. விலை குறைவாக இருக்கிறதே என்று அதை வாங்கிவிட்டால் அது உங்களுக்கு வழி சொல்லாது.

"மலையில டவர் இருக்காதுங்களே, அப்ப பெட்டிதானே நல்லது?" என்று ஒரு மாணவி கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை, வரைபடத்தை இறக்கத்தான் டவர் வேண்டும். வீட்டில் இருக்கும்போதே நாமக்கல், கொல்லிமலைப் பகுதியை ஆஃப்லைன் மேப்பாகப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். டவர் இல்லாத இடத்திலும் வழி சொல்லும். போக்குவரத்து நெரிசல் மட்டும் தெரியாது. பெட்டிக்குக் கொடுக்க இருந்த பணத்தில் உறுதியான போன் ஹோல்டரும் சார்ஜரும் வாங்கினாலே மீதி வரும். 2020 அக்டோபர் முதல் மோட்டார் வாகன விதியும் வழி பார்ப்பதற்கு மட்டும் போனை அனுமதிக்கிறது, ஓட்டுகிறவர் கவனம் சிதறக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஆகவே குரலை வைத்துக் கேளுங்கள், திரையைப் பார்த்துக்கொண்டு ஓட்டாதீர்கள்.

சரி, போனில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, பெயர். சேந்தமங்கலம் என்று ஒரே ஓர் ஊர்தான் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உளுந்தூர்பேட்டை பக்கம் ஒரு சேந்தமங்கலம் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் காடவ மன்னன் கோப்பெருஞ்சிங்கன், சோழன் மூன்றாம் இராசராசனைச் சிறைவைத்த ஊர் அது. சென்னையில் இருந்து சேலம் வழியாக வருகிறவர்களுக்கு அந்த ஊர்தான் முதலில் வரும். இங்கே தத்தாத்ரேயர் கோயிலுக்கு வருகிறவர் அங்கே போய் நின்றால் யாரைக் குறை சொல்வது? ஊர்ப் பெயரோடு நாமக்கல் என்றும் சேர்த்து எழுதுங்கள். கிளம்பும் முன் முழு வழியையும் பெரிதாக்கிப் பாருங்கள். ராசிபுரம், நாமக்கல் பெயர்கள் கண்ணில் படுகின்றனவா என்று பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.

இரண்டாவது, வரைபடத்துக்கு இன்றைய சாலையின் நிலைமை தெரியாது. 2024 ஜனவரியில் கூடலூரில் சுற்றுலா வந்தவர்களின் கார், மேப் காட்டிய வழியில் போய்ப் படிக்கட்டில் இறங்கி நின்றது. யாருக்கும் ஆபத்தில்லை. அதே வருஷம் நவம்பரில் உத்தரப் பிரதேசம் பரேலி அருகே, வெள்ளத்தில் ஒரு பகுதி போய்விட்ட பாலத்தில் இருந்து கார் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். அவர்களும் ஜிபிஎஸ் வழியில்தான் வந்திருந்தார்கள். தடுப்பு வைக்காதவர்களின் குற்றம் பெரிது, மறுக்கவில்லை. ஆனாலும் போன உயிர் திரும்பாது.

நம் மலைக்கு வருவோம். காரவள்ளியில் இருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவு. அந்த ஏற்றத்தில் திரையைப் பார்க்க ஒரு தேவையும் இல்லை, மேலே போகிற ரோடு ஒன்றுதான். எந்த கியரில் இறங்க வேண்டும், ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும், மழைக்குப் பிறகு கல் உருண்டு கிடக்கலாம் என்பதை எந்தப் பெட்டியும் சொல்லாது. காளப்பநாயக்கன்பட்டி டீக்கடையில் நிறுத்தி, "ஏனுங்க, மேல ரோடு எப்படி இருக்குதுங்க?" என்று கேளுங்கள். அப்போதுதான் இறங்கி வந்த டிரைவர் அங்கே டீ குடித்துக்கொண்டிருப்பார். அவர் சொல்வதுதான் இன்றைய வரைபடம்.

நம் நாமக்கல் லாரிக்காரர்கள் ஜிபிஎஸ் வருவதற்கு முன்பே மொழி தெரியாத ஊர்களுக்கெல்லாம் போய் வந்தவர்கள். கேட்பதற்கு அவர்கள் வெட்கப்பட்டதில்லை. கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தியாவே நாவிக் என்று சொந்தமாக வழிகாட்டும் செயற்கைக்கோள்களை 2013 முதல் அனுப்பி வருகிறது, 2023 மே மாதம் போன என்விஎஸ்-01இல் உள்நாட்டு அணுக் கடிகாரமே வைத்தார்கள். பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் கருவியை நம்பி, கேட்கும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். பின் சீட்டில் இருக்கும் பிள்ளைகளின் போனை வாங்கி வைத்துவிட்டு, வழியில் வரும் ஊர்ப் பெயர்ப் பலகைகளைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அடுத்த தடவை அவர்களே வழி சொல்வார்கள்.

பத்திரமாக வாருங்கள். மலை ஏறும் முன்போ இறங்கிய பின்போ வீட்டுக்கு ஒரு எட்டு வந்துவிட்டுப் போங்கள்.

வாழ்க வளமுடன்.