தம்பி எங்கே இருக்கான், அப்பா?

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்த மகள், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "அப்பா, உங்க பேரன் ஒரு கேள்வி கேக்கறான். என்னால முடியல. நீங்களே பதில் சொல்லுங்க" என்றாள். பேரனுக்கு ஏழு வயது. அடுத்த வருஷம் புதுநன்மை வாங்கப் போகிறான். அவன் கேள்வி இதுதான்: "தாத்தா, சாமிக்கு எல்லாம் முன்னாடியே தெரியும்னா, நாம எதுக்கு ஜெபம் பண்ணணும்?"

முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கத்தில் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டியவன் நான். இப்படி ஒரு கோப்பு என் மேசைக்கு வந்ததே இல்லை. "உனக்குப் பசிக்கும்னு அம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் ஸ்கூல் விட்டு வந்ததும் நீ அம்மான்னு கூப்பிடுற இல்ல? அது மாதிரிதான்" என்றேன். பையன் விடவில்லை. "நான் கூப்பிட்டா அம்மா வருவாங்க. சாமி வரலையே?"

"அது எனக்கும் தெரியலடா. நானும் எழுபது வருஷமா கூப்பிட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு விளையாடப் போய்விட்டான். மகள்தான் என்னைப் பார்த்தபடி நின்றாள். "இதை என்கிட்டயும் சொல்லியிருக்கலாமேப்பா" என்றாள். அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். முப்பத்தைந்து வருஷமாக எழுதாமல் வைத்திருந்ததை இன்று எழுதிவிடுகிறேன்.

முதலில் நாங்கள் படித்த விதம். என் வயதுப் புதுச்சேரிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு, கோயிலில் லத்தீன். 1962 ஆகஸ்ட் 16 அன்று ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குப் பத்து வயது. அதற்குப் பிறகும் நான் பிரெஞ்சிலேயே படித்து முடித்தேன். வகுப்பில் 'புர்க்குவா', அதாவது 'ஏன்' என்று எழுந்து கேட்கிற பையனை வாத்தியார் மெச்சிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பில் அதே 'ஏன்' கேட்டால் உபதேசியாரின் பிரம்பு பேசும். குறிப்பிடப் புத்தகத்தில் கேள்வியும் அச்சாகி இருக்கும், பதிலும் அச்சாகி இருக்கும். இரண்டையும் மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டும். கேள்வியும் அவர்களுடையது, பதிலும் அவர்களுடையது. நமக்கென்று ஒரு கேள்வி இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்த உபதேசியார் மீது எனக்குக் கோபம் கிடையாது. அவருக்குத் தரப்பட்டதை அவர் எங்களுக்குத் தந்தார். அந்த மனப்பாடத்தால் இன்றும் தூக்கத்தில் எழுப்பினாலும் ஜெபங்கள் வரிசையாக வரும். வயதான காலத்தில் அது பெரிய துணை. ஆனால் பிள்ளை வளர்க்க அது போதவில்லை.

1990 மார்ச் மாதக் கடைசி. எங்களுக்கு இரண்டாவது பிள்ளை, ஆண் குழந்தை, நாள் ஆகும் முன்பே பிறந்தது. நான் ஆபீசில் இருந்தேன். வருஷக் கடைசியில் பில் எல்லாம் கருவூலத்துக்குப் போயாக வேண்டும் என்பது உத்தியோகம் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து சொன்னபோதும், "இந்த ஒரு கட்டை முடித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லி, முக்கால் மணி நேரம் கழித்துத்தான் சைக்கிளை எடுத்தேன். போய்ச் சேர்ந்தபோது குழந்தை இல்லை. இரண்டு மணி நேரம் கூட உயிரோடு இருக்கவில்லை.

ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் சட்டம். சாமியார்தான் வர வேண்டும் என்பதில்லை. சிறு வயதில் ஒப்பித்துப் பரிசு வாங்கிய பாடம் அது. வீட்டில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் பில்லில் கையெழுத்து சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கல்லறையின் ஓரமாக ஓரிடத்தில் அடக்கம் செய்தோம். பூசை இல்லை, மணி இல்லை, பெயரும் இல்லை. ஞானஸ்நானம் கொடுக்க நினைத்திருந்து அதற்குள் இறந்துபோன குழந்தைக்கு, ஆயர் அனுமதியோடு அடக்கச் சடங்கு செய்யலாம் என்று 1983-லேயே புதிய திருச்சபைச் சட்டம் வந்துவிட்டது. அது எனக்கு அப்போது தெரியாது. போய்க் கேட்கவும் தோன்றவில்லை. கேள்வி கேட்டுப் பழக்கம் இல்லாதவன்தானே.

ஒரு வாரம் கழித்து, ராத்திரி ஜெபம் முடிந்ததும், ஆறு வயது மகள் கேட்டாள்: "அப்பா, தம்பி மோட்சத்துல இருக்கானா?"

பொய் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். அதற்குச் சில மாதம் முன்புதான் ஒரு பொய் சொல்லி மாட்டிக்கொண்டிருந்தேன். என் மாமனார் இறந்தபோது, "தாத்தாவைச் சாமி கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு" என்று எல்லோரையும் போல நானும் சொல்லி வைத்தேன். அடுத்த ஞாயிறு சம்பா கோயில் வாசலில் வந்து நின்றுகொண்டு மகள் உள்ளே வர மாட்டேன் என்று ஒரே அழுகை. "உள்ள போனா சாமி என்னையும் கூட்டிக்கிட்டுப் போயிடுவாரு." மிஷன் வீதியில் போகிறவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். பெரியவர்கள் ஆறுதலுக்குச் சொல்கிற வார்த்தையைக் குழந்தை அப்படியே எடுத்துக்கொள்ளும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

அதனால் இந்த முறை 'சரியான' பதிலைச் சொன்னேன். ஞானஸ்நானம் வாங்காத குழந்தைகள் மோட்சத்துக்குப் போக மாட்டார்கள், நரகத்துக்கும் போக மாட்டார்கள், லிம்போ என்று ஓர் இடம் இருக்கிறது, அங்கே கஷ்டம் ஒன்றும் கிடையாது, ஆனால் சாமியைப் பார்க்க முடியாது என்று நான் படித்ததைப் படித்தபடி ஒப்பித்தேன்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "அங்க அம்மா யாராவது இருப்பாங்களா? தம்பிக்கு யார் பால் குடுப்பாங்க?"

எனக்குப் பதில் இல்லை. "தூங்கு" என்று சொல்லி விளக்கை அணைத்துவிட்டேன்.

பக்கத்து அறையிலிருந்து என் அம்மா எழுந்து வந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். இருட்டிலேயே பேத்தி பக்கத்தில் படுத்துக்கொண்டு, "தம்பி மாதா மடியில இருக்கான் கண்ணு. ஆயா சொல்றேன் பாரு, நீ தூங்கு" என்றார்கள். என் அம்மா சொல்வது உபதேசப்படி தப்பு என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. நல்லவேளை, அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

பதினேழு வருஷம் கழித்து, 2007 ஏப்ரலில், ரோமாபுரியில் இறையியல் அறிஞர்கள் குழு ஒன்று, அப்போதைய பாப்பரசர் பதினாறாம் பெனடிக்டின் ஒப்புதலோடு ஓர் அறிக்கை வெளியிட்டது. ஞானஸ்நானம் இல்லாமல் இறக்கும் குழந்தைகளும் மீட்படைவார்கள் என்று நம்புவதற்கு உறுதியான காரணங்கள் உண்டு என்றது அது. லிம்போ என்பது இறையியலாளர்களின் ஒரு கருத்துதான், திருச்சபை அதை விசுவாசக் கோட்பாடாக அறிவித்ததே இல்லை என்பதும் அதில் இருந்தது. பேப்பரில் பார்த்தேன். கத்தரித்து எடுத்து மகளிடம் நீட்டினேன். அவளுக்கு அப்போது இருபத்து மூன்று வயது.

படித்துவிட்டுச் சிரித்தாள். "இது எனக்கு ஆறு வயசுலயே தெரியும்பா. ஆயா சொல்லிட்டாங்களே." பிறகு பேப்பரை மடித்தபடியே சொன்னாள்: "நீங்க விளக்கை அணைச்ச அன்னையிலேர்ந்து தம்பியப் பத்தி உங்ககிட்ட கேக்கறதையே விட்டுட்டேன்."

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். பதினேழு வருஷத்தில் ஒரு தடவை கூடக் கேட்கவில்லை. குழந்தை மறந்துவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

இதிலிருந்து நான் புரிந்துகொண்டதை இளம் பெற்றோருக்கும், என்னைப் போல் தாத்தா ஆனவர்களுக்கும் சொல்கிறேன். குழந்தை சாமியைப் பற்றிக் கேட்கும்போது, கேட்பது பாதி நேரம் சாமியைப் பற்றி இல்லை. தம்பிக்குப் பால் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. நான் செத்தால் என்னையும் ஓரத்தில் போடுவார்களா என்பதுதான் கேள்வி. அந்தப் பயத்துக்கு முதலில் பதில் சொல்லுங்கள். உபதேசம் பிறகு வரட்டும்.

அடுத்தது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். "அப்படிச் சொன்னால் பிள்ளைக்கு விசுவாசம் போய்விடாதா?" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நான் ஆபீஸ் உதாரணம்தான் சொன்னேன். மனு கொண்டு வந்தவரிடம், ஆளை அனுப்பினால் போதும் என்று 'ரூல் இல்லை' என்று சொல்கிற குமாஸ்தா உண்டு. 'எனக்குத் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன், வியாழக்கிழமை வாங்க' என்று சொல்லி, வியாழக்கிழமை பதிலோடு உட்கார்ந்திருப்பவரும் உண்டு. மக்கள் யாரை நம்பினார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஒரு நிபந்தனை, வியாழக்கிழமை பதில் இருக்க வேண்டும். 'தெரியாது' என்பது பேச்சை முடிப்பதற்கு என்றால், அதுவும் விளக்கை அணைப்பதுதான்.

சில கேள்விகளுக்குத் தேடினால் பதில் கிடைக்கவே செய்கிறது. சின்ன வயதில் மகள் இன்னொன்றும் கேட்டாள்: "எதிர் வீட்டு அக்கா இந்துவாச்சே, மோட்சத்துக்கு வருவாங்களா?" அந்தப் பெண் வருஷா வருஷம் எங்களோடு வில்லியனூர் மாதா திருவிழாவுக்கு வருகிறவள். நான் 'பார்க்கலாம்' என்று மழுப்பினேன். கிறிஸ்துவின் நற்செய்தியைத் தங்கள் குற்றமில்லாமல் அறியாமல் இருந்தும், நேர்மையான மனதோடு கடவுளைத் தேடுகிறவர்கள் மீட்படைய முடியும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-லேயே சொல்லியிருக்கிறது. நான் பன்னிரண்டு வயதுப் பையனாக இருந்தபோதே வந்த பதில். நான்தான் வியாழக்கிழமைக்குள் தேடவில்லை.

பிள்ளைகள் கேள்வி கேட்பது விசுவாசக் குறைவு என்று நினைக்கிறவர்கள், பன்னிரண்டு வயது இயேசுவை நினைத்துப் பார்க்கட்டும். பெற்றோர் மூன்று நாள் தேடிக் கண்டுபிடித்தபோது, அவர் கோயிலில் போதகர்கள் நடுவில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார் என்றுதான் லூக்கா எழுதுகிறார். கடைசியில் சிலுவையிலும் தம் தந்தையிடம் 'ஏன்' என்றுதான் கேட்டார். அவரை யாரும் பிரம்பால் அடக்கவில்லை.

போன நவம்பர் 2 அன்று, கல்லறைத் திருநாளுக்குப் பேரனையும் அழைத்துக்கொண்டு போனோம். பெரியவர்கள் கல்லறைகளுக்குப் பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிய பிறகு, அந்த ஓரத்துக்குப் போனேன். குத்துமதிப்பாகத்தான் இடம் தெரியும். அடையாளம் எதுவும் வைக்கவில்லை. "இங்க யாரு தாத்தா?" என்றான் பேரன். "உன் மாமா. சின்னக் குழந்தையா இருக்கும்போதே போயிட்டான்" என்றேன்.

"மாமா பேரு என்ன?"

"பேரு வைக்கலடா" என்று நான் சொல்லி வாய் மூடும் முன்பே, பின்னாலிருந்து மகள் ஒரு பெயரைச் சொன்னாள். ஆறு வயதில் அவளாகவே வைத்த பெயராம். இத்தனை வருஷமும் ராத்திரி ஜெபத்தில் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். ஆயாவுக்கு மட்டும் தெரியுமாம்.

அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. அது அவர்கள் இரண்டு பேருடையது. ஆனால் இப்போது என் ராத்திரி ஜெபத்திலும் அது இருக்கிறது.