நீதிபதியும் மனிதரே!

நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது, இனி அதைப்பற்றிப் பேச எவருக்கும் உரிமையில்லை என்று நமக்கு அறிவுரை கூறுவோர் இந்நாட்டில் என்றும் உளர். தீர்ப்புக்கு அடங்கி நடத்தல் வேறு. தீர்ப்பளித்தவர் தவறவே மாட்டார் என நம்புதல் வேறு. முன்னையது குடிமக்களின் கடமை. பின்னையது வெறும் மூடநம்பிக்கை.

நாம் நீதிமன்றத்தை இகழவில்லை. அதன் படிகளிலே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர்கள் நாம். அந்த அனுபவங் கொண்டே கூறுகின்றோம்: யானைக்கும் அடி சறுக்கும்.

கோடீஸ்வரன் வழக்கை நோக்குங்கள். அரசாங்க எழுதுவினைஞரான அத்தமிழர் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றவில்லை. 1962 இல் அவருடைய சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. சட்டமா அதிபர்மீது வழக்குத் தொடுத்தார். 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவுக்கு முரணானது என்று 1964 இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1967 இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளியது. மொழிச் சட்டம் செல்லுமா என்பதை அது முடிவுசெய்யவில்லை. அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக முடிமீது வழக்காட இயலாது என்று கூறிக் கதவைச் சாத்தியது. 1969 டிசம்பரில் இலண்டன் பிரிவிக் கவுன்சில் அது தவறெனக் கண்டது. இந்நாட்டில் வழங்கிவந்த உரோமன் டச்சுச் சட்டப்படி ஊழியர் வழக்காடலாம் என விளக்கி, மொழிச் சட்டம் பற்றிய கேள்வியை ஆராயும்படி உயர் நீதிமன்றத்துக்கே திருப்பியனுப்பியது.

ஒரே மனிதர், ஒரே வழக்கு. மன்றத்துக்கு மன்றம் விடை மாறிற்று! உயர் நீதிமன்றம் தவறியது என்று கூறியோர் தெருவிலே கூச்சலிட்டவர்களல்லர். அதற்கு மேலிருந்த நீதிபதிகளே.

பிரிவிக் கவுன்சிலும் தவறாத மன்றமன்று. குடியுரிமைச் சட்டம் 29 ஆம் பிரிவை மீறவில்லை என்று 1953 இல் தீர்ப்பளித்ததும் அதுவே. சட்டத்தின் சொற்களை அது கண்டது. நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தமிழரைக் காணவில்லை.

திருப்பியனுப்பிய கேள்விக்கு விடை கிடைத்ததா? இல்லை. 1971 இல் பிரிவிக் கவுன்சிலுக்கான மேன்முறையீடு ஒழிந்தது. 1972 இல் 29 ஆம் பிரிவும் மறைந்தது. 1978 அரசியலமைப்பின் 80(3) ஆம் உறுப்புரையோ, சான்றுரைக்கப்பட்ட சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் எக்காரணங்கொண்டும் கேள்விக்குட்படுத்தலாகாது என்கின்றது. கோடீஸ்வரன் அன்று எழுப்பிய கேள்வியை இன்று எந்த மாவட்ட நீதிபதியும் செவிமடுக்க முடியாது!

குளக்கட்டு உடையாது என நம்பி, வான் அமைக்காமல் விடும் கமக்காரர் உண்டா? மேன்முறையீடும் மறுபரிசீலனையும் நீதிக்கு அமைத்த வான்கள். அவற்றை அடைப்பவர் கட்டைக் காப்பவரல்லர், உடைப்பவரே.

பொற்கொல்லன் சொல்லை நம்பி, விசாரியாது கோவலனைக் கொல்வித்தான் பாண்டியன். கண்ணகி அவைபுகுந்து சிலம்பை உடைத்துக் காட்டியதும், தன் பிழையை ஏற்று உயிர்நீத்தான். பிழைத்தது அவன் குற்றம். அதை ஒப்பியது அவன் பெருமை.

தவறாத நீதிபதியை நாம் கேட்கவில்லை. அத்தகையவர் இன்னும் பிறக்கவில்லை. நாம் கேட்பவை மூன்று: ஒவ்வொரு தீர்ப்புக்கும் காரணம் எழுதப்படவேண்டும், அதை நேர்மையுடன் விமர்சிக்கும் உரிமை மக்களுக்கு வேண்டும், நிறைவேறிய சட்டத்தையும் ஆராயும் அதிகாரம் நீதிமன்றங்களுக்கு மீளவேண்டும். தவற்றைத் திருத்தும் வழியுள்ள நாட்டிலேதான் தீர்ப்புக்கு மக்கள் மனமுவந்து தலைவணங்குவர்.