சாந்தினி சௌக்: கல் பதித்தால் மட்டும் தெரு அழகாகிவிடுமா?

டெல்லி செங்கோட்டைக்கு எதிரே தொடங்கி ஃபதேபுரி மசூதியில் முடிகிற சாந்தினி சௌக் பிரதான வீதியின் நீளம் சுமார் 1.3 கிலோமீட்டர். பத்து வருடங்களுக்கு முன் அங்கே போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். தலைக்கு மேலே மின்கம்பிக் கொத்து, கீழே கார், பைக், ஆட்டோ, கைவண்டி, ரிக்‌ஷா எல்லாம் ஒன்றாக. நிமிர்ந்து ஒரு கட்டடத்தைப் பார்க்கலாம் என்றால், பின்னாலிருந்து ஹாரன் அடிப்பார்கள்.

2018 டிசம்பரில் அந்த வீதியைச் சீரமைக்கும் பணி தொடங்கியது. 2021 செப்டம்பரில் அப்போதைய முதல்வர் அரவிந்த் கெஜ்ரிவால் புதிய வீதியைத் திறந்துவைத்தார்.

என்ன மாறியது?

சிவப்புக் கல் பதித்த தரை, அகலமான நடைபாதை, உட்காரக் கல் இருக்கைகள். மின்கம்பிகள் தரைக்கு அடியில் போயின. காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வாகனங்களுக்குத் தடை. மீறினால் 20,000 ரூபாய் வரை அபராதம் என்று போர்டு வைத்தார்கள். சைக்கிள் ரிக்‌ஷாவுக்கு அனுமதி உண்டு.

தெரு ஏன் வேறு மாதிரி தெரிகிறது?

படங்களைப் பார்க்கிறவர்கள் கல்லைத்தான் பாராட்டுகிறார்கள். ஆனால், அதைவிடப் பெரிய வேலையைச் செய்தவை அங்கிருந்து அகற்றப்பட்டவைதான். கம்பி போனதும் ஆகாயம் தெரிந்தது. வாகனம் போனதும் நின்று பார்க்க முடிந்தது. ஜெயின் லால் மந்திர், சீஸ்கஞ்ச் குருத்வாரா, சுனேரி மசூதி எல்லாம் முன்பும் அதே இடத்தில்தான் இருந்தன.

ஷாஜகானின் மகள் ஜஹானாரா 1650 வாக்கில் இந்தக் கடைவீதியை அமைத்தபோது நடுவில் கால்வாய் ஓடியது. இன்று அந்த நடுப்பகுதியில் டிரான்ஸ்ஃபார்மர்கள் நிற்கின்றன. கேபிளைப் புதைத்துவிடலாம், டிரான்ஸ்ஃபார்மரை எங்கேயாவது வைத்துத்தானே ஆக வேண்டும்? அதற்கு எந்த இடம் என்பதும் தெருவின் தோற்றம் பற்றிய முடிவுதான்.

இரவு 9 மணிக்குப் பிறகு?

தடை 12 மணி நேரம். அதாவது வாரத்தின் 168 மணி நேரத்தில் 84 மட்டும். மீதி நேரத்தில், நடப்பவர்களுக்காகப் போட்ட அதே வீதியில் சரக்கு வண்டிகள் வரலாம். மொத்த வியாபாரச் சந்தை அது, சரக்கு வராமல் கடை நடக்காது. அந்தப் பாரமும் கல்மேல்தான் விழுகிறது. பெயர்ந்த கல், உடைந்த தடுப்புக்கம்பம், பகலிலேயே புகுந்து போகும் பைக் என்று திறப்புக்குப் பிறகு பலமுறை செய்திகள் வந்தன. நேரக் கட்டுப்பாட்டை நம்பிப் போட்ட தெருவில், காவல் தளர்ந்தால் தோற்றமும் தளரும்.

படத்தில் இல்லாதவர்கள் யார்?

சாந்தினி சௌக் பிரதான வீதி நடைபாதை வியாபாரத்துக்குத் தடை செய்யப்பட்ட பகுதி. வியாபாரிகளை அகற்றுவது பற்றி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவுகள் போட்டிருக்கிறது. 2014-இன் தெரு வியாபாரிகள் சட்டமோ கணக்கெடுப்பு நடத்தச் சொல்கிறது. விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகள் இருக்க வேண்டும் என்கிறது. ‘சுத்தமான தெரு’ படத்தில் அழகாக இருக்கும். அந்தச் சுத்தத்துக்காக யாருடைய பிழைப்பு போனது என்பது படத்தில் வராது.

சென்னை என்ன செய்தது?

2019 நவம்பரில் திறக்கப்பட்ட பாண்டி பஜார் நடைபாதை வளாகத்தில் பாதை வேறு. வாகனத்தை நிறுத்தாமல், அது ஓடும் இடத்தைக் குறுக்கி, பிளாட்பாரத்தை அகலமாக்கினார்கள். இங்கே அகலம் கட்டுமானத்திலேயே இருக்கிறது. இரவு 9 மணி ஆனதும் சுருங்கிவிடாது. ஆனால் வாகன இரைச்சலும் பக்கத்திலேயே இருக்கிறது. இங்கேயும் நடைபாதை வியாபாரிகள் 2013-லேயே அடுக்குமாடி வளாகத்துக்கு மாற்றப்பட்டுவிட்டார்கள்.

இனி எதைக் கேட்க வேண்டும்?

பாண்டி பஜார் போல 100 நகரங்களில் பணிகளுக்குப் பணம் தந்த ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2025 மார்ச்சில் முடிந்துவிட்டது. கல்லைப் பதித்த நிதி இனி வராது. பெயர்ந்தால் மாற்ற வேண்டியது உள்ளூர் நிர்வாகம்தான்.

ஆகவே, உங்கள் ஊர் கடைவீதிக்கு அடுத்த முறை ஒரு வண்ணப்படம் காட்டினால், மூன்று கேள்விகள் கேளுங்கள். சரக்கு வண்டி எந்த வழியாக, எத்தனை மணிக்கு வரும்? இப்போது அங்கே விற்கிறவர்கள் எங்கே போவார்கள்? ஐந்தாவது வருடத்தில் உடைந்த கல்லை மாற்ற எந்தக் கணக்கிலிருந்து பணம்? பதில் இல்லையென்றால், அந்தப் படம் திறப்பு விழா நாளுக்கு மட்டும்தான்.