பெரட்டில் விட்டுப்போன பெயர்கள்

1941 டிசம்பர் 8, நள்ளிரவு கடந்த கொஞ்ச நேரத்தில் ஜப்பானியப் படை மலாயாவின் கோத்தா பாரு கடற்கரையில் இறங்கியது. அன்று நண்பகல், பசிபிக் நடுவே தனியாகக் கிடக்கும் வேக் தீவின் மீது குண்டு விழுந்தது. அங்கே இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் ஏறக்குறைய ஐந்நூறு பேர்தான். டிசம்பர் 11-ல் முதல் படையெடுப்பை விரட்டி இரண்டு போர்க்கப்பல்களையும் மூழ்கடித்தார்கள். 23-ல் தீவு விழுந்தது. அமெரிக்கர்கள் இன்றும் பெருமையோடு சொல்லும் கதை இது.

கேமரன் மலையும் அப்போது ஒரு தீவுதான். தாப்பாவிலிருந்து ஏறும் ஒற்றைச் சாலை 1931-ல்தான் தானா ராத்தாவை எட்டியிருந்தது. ரஸ்ஸல் துரை 1929-ல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்துக்கு வயது பன்னிரண்டு. ஆனால் மலைமேல் சண்டை நடக்கவில்லை. மலையின் விதி அடிவாரத்தில் முடிவானது. தாப்பாவுக்கு வடக்கே கம்பாரில், சீக்கியரும் ஜாட்டுகளும் கூர்க்காக்களும் ஆங்கிலேயரும் சேர்ந்து 1942 ஜனவரி 2 வரை நான்கு நாள் தாக்குப்பிடித்தார்கள். முன்னால் நின்றவனிடம் அவர்கள் தோற்கவில்லை. மேற்குக் கரையில் எதிரி இறங்கி முதுகுப்பக்கம் வந்துவிட்டதால் பின்வாங்கினார்கள். ஜனவரி 7-ல் சிலிம் ரிவரில் டாங்கிகள் புகுந்தன. அதற்கு முன்பே தாப்பா சாலையைக் காக்க ஆளில்லை. பிப்ரவரி 15-ல் சிங்கப்பூரும் போயிற்று.

துரைமார் போனார்கள். தொழிலாளிகள் எங்கே போவார்கள்? ‘ஜப்பான்காரன் காலம்’ என்று நம் பாட்டிமார் சொல்லும்போது அதில் துப்பாக்கிச் சத்தம் இருக்காது, மரவள்ளிக்கிழங்கு இருக்கும். அரிசி வரத்து நின்றதும் மலாயாத் தோட்டங்களின் வயிற்றைக் காத்தது அந்தக் கிழங்குதான். குச்சியை ஒடித்து மண்ணில் செருகினால் போதும், தானாக வளரும். ஜப்பானியர் வாழைமரப் படத்தோடு அச்சடித்த பத்து வெள்ளி நோட்டு நாளுக்கு நாள் மதிப்பிழக்க, கிழங்கின் மதிப்பு ஏறியது. கோட்டையைக் காத்தவனுக்குப் பதக்கம் உண்டு. கிழங்கு நட்டு லயத்துப் பிள்ளைகளைக் காத்தவளுக்கு என்ன உண்டு என்று யாரும் கேட்டதில்லை.

வேக் தீவின் கதையைப் பலரும் அந்த இரண்டு வாரத்தோடு முடித்துவிடுகிறார்கள். அங்கே சிப்பாய்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல், விமானத்தளம் கட்ட வந்த சாதாரண வேலைக்காரர்கள் இருந்தார்கள். பெரும்பாலோரைக் கப்பலேற்றிய ஜப்பானியர், வேலை வாங்குவதற்காக 98 பேரை நிறுத்திக்கொண்டார்கள். 1943 அக்டோபர் 7-ல் அவர்கள் கொல்லப்பட்டார்கள். தப்பி ஓடிய ஒருவர், பிடிபட்டுச் சாவதற்கு முன்பு, அந்த 98 என்ற எண்ணைப் பாறையில் செதுக்கிவைத்தார். பாறை இன்றும் இருக்கிறது.

அதே அக்டோபர் 17-ல் சயாம்–பர்மா ரயில்பாதையின் இரு முனைகளும் கொன்கொய்த்தாவில் சேர்ந்தன. 415 கிலோமீட்டர். அதில் வேலைசெய்ய மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனதாக மதிப்பீடு, பெரும்பாலும் தோட்டத் தமிழர்கள். நல்ல சம்பளம் என்ற பேச்சை நம்பிப் போனவர்கள் உண்டு. லாரியில் அள்ளிப் போட்டவர்களும் உண்டு. காலராவும் மலேரியாவும் பசியும் அவர்களைக் கொண்டுபோயின. காஞ்சனபுரிக்குப் போனால், வெட்டிச் சீர்செய்த புல்லில், அதே பாதையில் வேலைசெய்து இறந்த ஏறக்குறைய ஏழாயிரம் போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாக, பெயரோடு இருக்கின்றன. நம்மவர்களுக்கு அப்படியொரு வரிசை இல்லை. கைதிகளுக்கு ராணுவம் பட்டியல் வைத்திருந்தது. தொழிலாளிக்கு யாரும் வைக்கவில்லை.

இதில் எனக்கு ஆறாத ஒன்று உண்டு. தோட்டத்தில் விடிவதற்கு முன்பே பெரட்டு. ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்கள். குரல் வராவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. ஒரு நாள் கூலிக்காக அவ்வளவு கறாராகப் பெயர் எழுதிய ஏடுகள் அவை. சயாமுக்குப் போனவர்களின் பெயர்களை எழுத இன்னும் ஒரு ஏடு திறக்கலாம். பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். கேட்டால் தாத்தாவின் பெயரையும், அவர் எந்தத் தோட்டத்திலிருந்து போனார் என்பதையும் சொல்வார்கள்.