ஆகாயத்துக் கணக்குப்பிள்ளை

ஆனி, ஆடி மாதங்களில் தென்காசி விசுவநாதர் கோயிலின் கோபுர வாசலில் நின்றவர்களுக்குக் காற்றின் வல்லமையைப் பற்றி ஒருவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஆரியங்காவுக் கணவாய் வழியே குற்றாலச் சாரலையும் வாரிக்கொண்டு வரும் அந்தக் காற்று, தோளிலுள்ள அங்கவஸ்திரத்தை நம்மைக் கேளாமலே எடுத்துக்கொண்டு போய்விடும். ஆகாய விமானமோ காற்று வரட்டும் என்று காத்திருப்பதில்லை. தரையில் விரைந்தோடித் தனக்கு வேண்டிய காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. எவ்வளவு பாரத்துக்கு எவ்வளவு வேகம் என்பதுதான் கணக்கு.

இக்கணக்கைப் பார்ப்பதற்கு இக்காலத்து விமானங்களில் ஒரு கணக்குப்பிள்ளை உண்டு. 'விமான நிர்வாகக் கம்ப்யூட்டர்' என்பது அதன் உத்தியோகப் பெயர். விமானத்தின் மொத்த பாரம், ஓடுபாதையின் நீளம், அன்றைய வெப்பம், காற்றின் திசை ஆகியவற்றை விமானிகள் கொடுப்பார்கள். அதுவும் அதன் துணைக் கருவிகளும் மூன்று வேகங்களைத் தரும். முதல் வேகத்தைத் தாண்டினால் ஓட்டத்தை நிறுத்தலாகாது. இரண்டாவதில் மூக்கை உயர்த்த வேண்டும். ஓர் என்ஜின் நின்றுபோனாலும் பத்திரமாய் மேலேறுவதற்கு உரியது மூன்றாவது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. உஷ்ணமான காற்று அடர்த்தி குறைந்தது. அதில் என்ஜினின் சக்தியும் குறையும். பாரம் குறைவாகவும் பாதை நீளமாகவும் இருந்தால், வெளியே 30 பாகை வெப்பமே இருந்தாலும், 45 பாகை என்று விமானிகள் கம்ப்யூட்டரிடம் சொல்வதுண்டு. அதுவும் அதை நம்பி, என்ஜினின் உழைப்பைக் குறைத்துவிடும். என்ஜினுக்கு ஆயுள் கூடும். யாருக்கும் தீங்கில்லாத பொய்!

தரையை விட்டெழுந்து 1,000 அல்லது 1,500 அடி ஏறியதும், புறப்பாட்டுச் சக்தியைக் குறைத்து ஏற்றத்துக்குரிய சக்தியை அமைப்பதும் பெரும்பாலும் இந்தக் கணக்குப்பிள்ளையின் சொற்படிதான். 10,000 அடி வரையில் பொதுவாக 250 நாட் வேகம், அதாவது மணிக்குச் சுமார் 463 கிலோமீட்டர். அப்பால் எரிபொருளும் நேரமும் வீணாகாத வேகம் எதுவென்று அதுவே நிர்ணயிக்கும்.

ஆனால், கணக்குப்பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரராயினும், சொன்ன தொகையைத்தானே பேரேட்டில் எழுதுவார்? 2009 மார்ச் 20-ஆம் தேதி மெல்போர்ன் நகரில் துபாய்க்குப் புறப்பட்ட ஒரு பெரிய விமானத்தின் பாரம் 362 டன். கருவியில் பதிவானது 262 டன். ஓரிலக்கத்தின் பிசகில் நூறு டன் மாயமாயிற்று! குறைந்த சக்தியுடன் ஓடிய விமானம் எழ மாட்டாமல் வாலைத் தரையில் உராய்ந்தது, பாதையும் முடிந்துவிட்டது. தலைமை விமானி முழுச் சக்தியையும் கொடுத்ததால் 275 உயிர்கள் பிழைத்தன.

இது தூரதேசத்துக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2023 பிப்ரவரி 24-ஆம் தேதி கோழிக்கோட்டிலிருந்து தம்மாம் புறப்பட்ட விமானமும் வாலை உராய்ந்து, நமக்கு அண்டையிலுள்ள திருவனந்தபுரத்தில் பத்திரமாக இறங்கிற்று. பாரத்தின் கணக்கு தவறாகப் பதியப்பட்டதே காரணம் என்று அப்பொழுது பத்திரிகைகளில் செய்தி வந்தது. வளைகுடாவில் உழைக்கும் நம் ஜில்லாப் பிள்ளைகள் பலரும் அந்தத் திருவனந்தபுரத்திலிருந்தே விமானம் ஏறுகிறார்கள் என்பதை நினைத்தால், இந்தக் கணக்கு நம் வீட்டுக் கணக்கே என்பது விளங்கும்.

இதற்குப் பரிகாரம் புதிய யந்திரம் மட்டுமன்று. இரு விமானிகளும் தனித்தனியே கணக்கிட்டு விடைகளை ஒத்துப்பார்க்க வேண்டும். அத்துடன், 'இவ்வளவு பெரிய விமானத்துக்கு இவ்வளவு குறைந்த வேகமா?' என்று மனம் திடுக்கிட வேண்டும். அந்தத் திடுக்கீடு, உத்தேச விடை முன்னமேயே மனத்தில் இருப்பவருக்குத்தான் உண்டாகும்.

பெற்றோர்களே! உங்கள் குழந்தை கணக்கு யந்திரத்தின் பொத்தானை அழுத்துமுன், 'விடை நூற்றுக்கு மேலா, ஆயிரத்துக்கு மேலா?' என்று கேட்டுவிட்டு அழுத்தச் சொல்லுங்கள். நாளைக்கு நம் நாட்டு விமானங்களை ஓட்டப்போகிறவர்களும் அவர்களில்தான் இருக்கிறார்கள்.