கண்டிக் கல்லறைகளும் கோப்பாய்க் கல்லறைகளும்

பல்லேகமவிலிருந்தோ மாத்தளையிலிருந்தோ கண்டிக்குச் செல்லும் அன்பர்கள் ஒருமுறை அங்குள்ள போர் மயானத்தைப் பார்த்து வருவார்களாக. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மாண்டோர் துயிலும் இடம் அது. பிரித்தானியர் 107 பேர், கிழக்காபிரிக்கர் 35 பேர், இலங்கையர் 26 பேர், இந்தியர் 23 பேர். இவர்களோடு இத்தாலியர் மூவரும் உளர்! 1943 வரை எதிரிநாடாயிருந்த இத்தாலியின் மைந்தருக்கும் அதே மண், அதே பராமரிப்பு. அதனைப் பேணும் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுவும் குறையற்றதன்று. முதலாம் உலகப் போரில் மாண்ட ஆபிரிக்கரையும் ஆசியரையும் சமமாக நினைவுகூரத் தவறியமைக்காக 2021இல் அது மன்னிப்புக் கோரிற்று.

கோப்பாயில் நடந்தது என்ன? விடுதலைப் புலிகளின் துயிலுமில்லம் அங்கு 1990களில் ஒருமுறை இடிக்கப்பட்டது. 2002 போர்நிறுத்தத்தின் பின் மீண்டும் எழுப்பப்பட்டது. 2009இல் போர் முடிந்த பின்னரோ மறுபடியும் தரைமட்டமாக்கப்பட்டு, 2011இல் அதன்மேல் இராணுவத் தலைமையகமே அமைக்கப்பட்டது! புலிகளின் அரசியலை ஏற்போரும் மறுப்போரும் நம் வாசகருள் உளர். அது வேறு வழக்கு. பிள்ளையைப் புதைத்த தாய்க்கு விளக்கேற்ற இடமில்லை என்பதே நாம் எடுத்துரைக்கும் வழக்கு. தான் வென்ற எல்லாளனின் சமாதிக்கு மரியாதை செய்யுமாறு துட்டகைமுனு பணித்தான் என மகாவமிசம் உரைக்கிறது. அந்நூலை மேடைதோறும் எடுத்தோதுவோருக்கு அப்பகுதி மட்டும் மறந்துபோனது விந்தையே.

படைவசம் எஞ்சியுள்ள துயிலுமில்லக் காணிகள் அனைத்தையும் அரசாங்கம் தாமதமின்றி உறவினரிடம் கையளித்தல் வேண்டும்.