ஓக்லண்ட் கொடுக்காத பணம்

2024 செப்டம்பர் 26 அன்று கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் 46,889 பேர் கூடித் தங்கள் பேஸ்பால் அணியை வழியனுப்பி வைத்தார்கள். 1968இல் அந்த ஊருக்கு வந்து, நான்கு முறை உலகத் தொடர் கோப்பையை வென்ற அத்லெடிக்ஸ் அணி அன்று கடைசி ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டு மூட்டை கட்டியது. அதற்கு முன்பே, 2019இல் கூடைப்பந்து அணியான வாரியர்ஸ் வளைகுடாவுக்கு அக்கரையில் இருக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போய்விட்டது. 2020இல் அமெரிக்கக் கால்பந்து அணியான ரெய்டர்ஸ் லாஸ் வேகஸுக்குக் குடிபெயர்ந்தது. ஐந்தே ஆண்டுகளில் மூன்று அணிகளைப் பறிகொடுத்த ஊரைப் பார்த்து, கையில் இருந்ததைக் கோட்டைவிட்டார்கள் என்று பேசுவது எளிது. கோட்டைவிட்டது, அத்லெடிக்ஸையும் லாஸ் வேகஸுக்குப் பணம் கொடுத்து அழைத்துக்கொண்ட நெவாடா மாநிலம்தான் என்பது நம் கருத்து.

நெவாடா என்ன கொடுத்தது? 2023 ஜூனில் சிறப்புக் கூட்டம் நடத்திய அதன் சட்டமன்றம், லாஸ் வேகஸில் அத்லெடிக்ஸ் அணிக்கு மைதானம் கட்ட 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் தரும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆளுநர் ஜோ லொம்பார்டோ சுணங்காமல் கையெழுத்திட்டார். இதில் 18 கோடி டாலர் மாநில அரசின் வரிச்சலுகைச் சான்றுகள்; 12 கோடி டாலர் மாவட்ட நிர்வாகம் கடன்பத்திரம் விற்றுத் திரட்டித் தருவது. வரிச்சலுகைச் சான்று என்றதும் இது பணமே இல்லை என்று சிலர் நினைக்கக்கூடும். அணி அந்தச் சான்றுகளை வேறொரு நிறுவனத்துக்கு விற்றுக் காசாக்கிக்கொள்ளலாம். வாங்கிய நிறுவனம், அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் அந்த அளவைக் கழித்துக்கொள்ளும். கருவூலத்துக்கு வந்திருக்க வேண்டிய பணம் வராமல் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். மைதானம் பெயரளவில் பொது அமைப்பின் சொத்தாக இருப்பதால் சொத்து வரியும் கிடையாது.

இதை எதிர்த்து முதலில் நின்றவர்கள் பள்ளி ஆசிரியர்கள். மைதானத்துக்கு முன் பள்ளிக்கூடம் என்ற முழக்கத்தோடு நெவாடா ஆசிரியர் சங்கம் ஒரு குழுவை அமைத்து, இந்தச் சட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு விட வேண்டும் என்று மனுப்போட்டது. மனுவின் வாசகம் சட்டம் கேட்கும் வடிவில் இல்லை என்று சொல்லி, 2024 மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. பணம் கொடுக்கப்போகிறவர்களிடம் சம்மதம் கேட்கும் வாய்ப்பு வாசகப் பிழையில் போயிற்று.

ஓக்லண்ட் ஏன் இதே தொகையை எடுத்து நீட்டவில்லை என்பதற்கு அந்த நகரத்தின் பழைய கணக்குப் புத்தகத்தைப் புரட்ட வேண்டும். 1982இல் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போன ரெய்டர்ஸ் அணியை 1995இல் திரும்ப அழைத்து வர, நகரமும் அலமீடா மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து சுமார் 20 கோடி டாலர் கடன் வாங்கி, அத்லெடிக்ஸ் ஆடிவந்த கொலிசியம் மைதானத்தைப் பெரிதாக்கின. மக்களின் வரிப்பணத்தில் ஒரு காசும் செலவாகாது என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு அது. டிக்கெட் வாங்கும் உரிமையை ரசிகர்களுக்கு விற்பார்களாம். அந்த உரிமைச் சீட்டு விற்ற பணத்தில் கடன் அடையுமாம். சீட்டுகள் போணியாகவில்லை. டிக்கெட் முழுக்க விற்காத ஆட்டத்தை உள்ளூர்த் தொலைக்காட்சியில் காட்டக்கூடாது என்று அன்று லீகில் விதி இருந்ததால், வரி கட்டியவர் வீட்டிலிருந்தும் பார்க்க முடியாத ஆட்டங்கள் பல. ரெய்டர்ஸுக்காகக் கட்டிய உயரமான இருக்கை வரிசைகள், பேஸ்பால் ரசிகர்கள் அதுவரை பார்த்து ரசித்த குன்றுகளை மறைத்தன. அணி உரிமையாளர் அல் டேவிஸின் பெயரைச் சேர்த்து அதற்கு ‘டேவிஸ் மலை’ என்று ஊர்க்காரர்கள் கிண்டலாகப் பெயர் வைத்தார்கள். 2006இல் அத்லெடிக்ஸ் நிர்வாகம் மேல்தளம் முழுவதையும் தார்ப்பாய் போட்டு மூடியது.

கடன் மட்டும் மூடவில்லை. நகரமும் மாவட்டமும் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலரைப் பொதுநிதியிலிருந்து எடுத்துக் கட்டிவந்தன. நிதி நெருக்கடியில் 2010இல் 80 காவலர்களை வேலையிலிருந்து நிறுத்திய நகரம் இது. 2020இல் ரெய்டர்ஸ் மறுபடியும் கிளம்பியபோதும் கடன் தீர்ந்திருக்கவில்லை. கடைசித் தவணைகள் 2025 வரை நீண்டன. போன அணிக்கு ஐந்தாண்டு தவணை கட்டிய நகரம், இருக்கும் அணிக்காக இன்னொரு கடன் வாங்கத் தயங்கியதில் என்ன குற்றம்? ரெய்டர்ஸ் புதிய மைதானம் கேட்டபோது அன்றைய மேயர் லிபி ஷாஃப் நேரடி வரிப்பணம் தர மறுத்தார். நெவாடா ஹோட்டல் வரியிலிருந்து 75 கோடி டாலர் தந்து அந்த அணியை எடுத்துக்கொண்டது.

அத்லெடிக்ஸ் விஷயத்தில் ஓக்லண்ட் அவ்வளவு உறுதியாக இருந்தது என்று சொல்ல மாட்டோம். துறைமுகத்தை ஒட்டிய 55 ஏக்கரில் மைதானத்தோடு ஹோட்டல், அலுவலகம், அடுக்குமாடி வீடுகள் என்று 1,200 கோடி டாலர் திட்டத்தை அணி காட்டியபோது மாநகராட்சி மன்றம் மயங்கித்தான் போனது. 2021 ஜூலையில் நிபந்தனைகளோடு ஒப்புதலும் அளித்தது. அதற்குப் பிறகும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பேச்சு இழுத்துக்கொண்டே போனது. அதே காலத்தில் அணி லாஸ் வேகஸிலும் பேசிக்கொண்டிருந்தது. 2023 ஏப்ரலில் அங்கே நிலம் பார்த்தாயிற்று என்ற செய்தி வந்தது.

இந்தப் பேரம் எப்படிச் சாத்தியமாகிறது? அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் லீகில் 30 அணிகள்தான். எத்தனை அணிகள் இருக்கலாம், எந்த ஊரில் இருக்கலாம் என்பதை அந்த 30 முதலாளிகளே முடிவு செய்கிறார்கள். போட்டியை முடக்கும் கூட்டுகளைத் தடுக்கும் சட்டம் பேஸ்பாலுக்குப் பொருந்தாது என்று 1922இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் கவசம் நூறாண்டு கடந்தும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. அணி வேண்டும் என்று கேட்கும் ஊர்கள் அணிகளைவிட அதிகம். ஆகவே ஏலம் எடுப்பது ஊர்கள், கூறுவது முதலாளிகள். அத்லெடிக்ஸ் லாஸ் வேகஸுக்குப் போக 2023 நவம்பரில் உரிமையாளர்கள் ஒருமனதாக ஒப்புதல் தந்ததில் வியப்பில்லை. நாளைக்கு அவரவர் ஊரில் மேயரை மிரட்ட அந்த முன்னுதாரணம் உதவும்.

மைதானம் வந்தால் வேலை வரும், வியாபாரம் பெருகும் என்ற வாதம் ஒவ்வொரு முறையும் ஒலிக்கிறது. ரோஜர் நோல், ஆண்ட்ரூ சிம்பலிஸ்ட் ஆகிய பொருளாதார அறிஞர்கள் 1997இல் தொகுத்த நூலிலிருந்து அண்மைய ஆய்வுகள் வரை இதைத் துருவிப் பார்த்திருக்கிறார்கள். கொடுக்கும் மானியத்துக்கு ஈடான வளர்ச்சி ஊருக்குக் கிடைப்பதில்லை என்பதில் பொருளாதார அறிஞர்களிடையே அபூர்வமான ஒற்றுமை நிலவுகிறது. காரணம் எளிது. ஒரு குடும்பம் ஆட்டத்துக்குச் செலவழிக்கும் பணம் வானத்திலிருந்து விழுவதில்லை. சினிமாவுக்கோ ஹோட்டலுக்கோ போயிருக்கும் பணம்தான் இடம் மாறுகிறது. பேஸ்பால் அணி சொந்த மைதானத்தில் ஆண்டுக்கு 81 ஆட்டங்கள் ஆடும். மீதி நாட்களில் அங்கே பெரிதாக வியாபாரம் இல்லை. வசூலில் பெரும்பங்கு வீரர்களுக்கும் உரிமையாளருக்கும் போகிறது. அவர்களில் பலர் அந்த ஊரில் குடியிருப்பதுகூட இல்லை.

ஹோட்டல் வரியைச் சுற்றுலாப் பயணிதானே கட்டுகிறார், உள்ளூர்க்காரருக்கு என்ன நட்டம் என்பது லாஸ் வேகஸ் தரப்பின் பதில். யார் கட்டினாலும் கருவூலத்தில் விழுந்த பிறகு அது பொதுப்பணம். அதை ஆசிரியர் சம்பளத்துக்கும் செலவிடலாம், பேருந்துக்கும் செலவிடலாம். கோடீஸ்வரர் ஒருவரின் மைதானத்துக்குக் கொடுப்பது கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கும் வேலை.

ஊர்ப்பற்று என்ற வாதத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. 2023 ஜூன் 13 அன்று, நெவாடா செனட் மானியச் சட்டத்துக்கு வாக்களித்த அதே நாளில், ஓக்லண்ட் ரசிகர்கள் ‘தலைகீழ்ப் புறக்கணிப்பு’ என்று பெயரிட்டு 27,759 பேராய் மைதானத்தில் திரண்டார்கள். அணியை விற்றுவிட்டுப் போ என்று உரிமையாளர் ஜான் ஃபிஷரை நோக்கி ஆட்டம் முழுக்கக் குரல் கொடுத்தார்கள். தாத்தா பார்த்த அணியைப் பேரன் பார்க்க முடியாமல் போவது இழப்புதான். கொலிசியத்தில் பல ஆண்டுகள் தின்பண்டம் விற்றவர்களுக்கும் டிக்கெட் கிழித்தவர்களுக்கும் வேலை போனது அதைவிடப் பெரிய இழப்பு. ஆனால் அந்தப் பாசத்தைத்தானே உரிமையாளர் அடமானமாகக் கேட்டார்? பாசத்துக்கு விலை கொடுக்க ஓர் ஊர் விரும்பினால் கொடுக்கட்டும். வளர்ச்சி, வேலைவாய்ப்பு என்று பூசி மெழுகாமல், விலை இன்னதென்று எழுதி மக்களிடம் வாக்குக் கேட்டுவிட்டுக் கொடுக்கட்டும்.

அப்படிக் கேட்ட இடங்களில் மக்கள் தெளிவாகவே பதில் சொல்லியிருக்கிறார்கள். 2024 ஏப்ரலில் மிசூரி மாநிலத்தில் கான்சஸ் சிட்டி அமைந்துள்ள ஜாக்சன் மாவட்டத்தில், மைதானங்களுக்கான விற்பனை வரியை நீட்டிக்கும் யோசனையை 58 சதவீதத்தினர் நிராகரித்தார்கள். இரண்டே மாதத்தில், எல்லைக்கு அப்பால் இருக்கும் கான்சஸ் மாநிலம் அங்குள்ள அணிகளை இழுக்க மைதானச் செலவில் 70 சதவீதம் வரை கடன்பத்திரம் மூலம் திரட்டித் தருவதாகச் சட்டம் போட்டது. மிசூரி மாநிலமும் பின்னாலேயே பையைத் திறந்தது.

பொதுப்பணம் இல்லாமல் மைதானமே எழாது என்பதும் உண்மையில்லை. ஓக்லண்டை விட்டுப் போன வாரியர்ஸ் சான் ஃபிரான்சிஸ்கோவில் சுமார் 140 கோடி டாலரில் அரங்கைத் தன் சொந்தச் செலவில் கட்டிக்கொண்டது. அதே வாரியர்ஸ் பழைய அரங்கின் பாக்கிக் கடன் தன் பொறுப்பில்லை என்று வாதாடிப் பார்த்தது. நடுவர் தீர்ப்பு நகரத்துக்குச் சாதகமாக வந்தது. ஒப்பந்தத்தில் ஒரு வரி சரியாக எழுதியிருந்ததால் மிஞ்சிய பணம் அது.

சரியாக எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மயாமி இருக்கிறது. மார்லின்ஸ் அணிக்காக அங்கே வாங்கிய கடன், வட்டியோடு சேர்த்து 40 ஆண்டுகளில் ஏறத்தாழ 240 கோடி டாலராக வளரும். அதற்குத் துணைபோன மாவட்ட மேயரை 2011இல் மக்கள் 88 சதவீத வாக்குகளால் திரும்ப அழைத்தார்கள். அணியை விற்றால் லாபத்தில் பங்கு உண்டு என்று ஒப்பந்தத்தில் இருந்தது. 2002இல் 15.8 கோடி டாலருக்கு வாங்கிய அணியை உரிமையாளர் ஜெஃப்ரி லோரியா 2017இல் 120 கோடிக்கு விற்றார். விற்றுவிட்டு, கழிக்க வேண்டியதையெல்லாம் கழித்தால் நட்டம்தான் என்று கணக்குக் காட்டினார். வழக்குப் போட்டுப் பொதுமக்கள் தரப்புக்குக் கிடைத்தது 42 லட்சம் டாலர்.

தமிழ்நாட்டில் அணிகள் ஊர்விட்டு ஊர் தாவும் பேரம் இல்லை. ஆனால் 2024 மக்களவைத் தேர்தலில் கோவைக்குச் சர்வதேசத் தரத்தில் கிரிக்கெட் மைதானம் தருவதாகத் தி.மு.க. வாக்குறுதி அளித்தது. இங்கும் நிலம் பொதுநிலமாக இருந்தால், யார் எத்தனை ஆண்டுக் குத்தகையில் எவ்வளவு வாடகை தருவார் என்பதை முதல் செங்கல் வைக்கும் முன்பே வெளியிடச் சொல்லிக் கேட்பது தப்பில்லை.

அமெரிக்காவில் அடுத்த ஏலம் தொடங்கிவிட்டது. பேஸ்பால் லீக் 32 அணிகளாக விரியும் என்ற எதிர்பார்ப்பில், சால்ட் லேக் சிட்டியில் மைதானம் கட்ட 90 கோடி டாலர் வரை தர யூட்டா சட்டமன்றம் 2024லேயே சட்டம் இயற்றிவிட்டது. பெரிய லீக் தன் அணியை அந்த ஊருக்குத் தருவதாகச் சொல்லும் முன்பே பணம் தயார். அதைக் கொடுப்பதற்கு முன் யூட்டா மக்களிடம் ஒரு வாக்கெடுப்பு நடத்த வேண்டும். அணி கைமாறினால் லாபத்தில் என்று இல்லாமல் விற்பனை விலையிலேயே பங்கு என்று எழுதி வாங்க வேண்டும். கடன் தீரும் முன் அணி வெளியேறினால் மீதித் தவணை முழுவதும் உரிமையாளர் தலையில் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். அணி வந்து இறங்கிய பிறகு இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்டு வாங்க முடியாது.